'கோ' வினையில் வரும் பிழைகள்: நான் சரிசெய்த விதம்

ஆங்கிலத்தின் 'கோ'வை நம் 'போ'வுக்கு அப்படியே ஈடாக வைப்பதுதான் சிக்கலின் வேர். நான் முதலில் கைவைத்தது 'டு'வில். 'கோ டு ஸ்கூல்' சரி. ஹோம், தேர், அப்ராட், அப்ஸ்டேர்ஸ் இவற்றுக்கு முன்னால் 'டு' கூடாது. அங்கே அவை வினையடைகள், திசை அவற்றுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 'வீட்டுக்கு' என்பதிலுள்ள 'கு'தான் 'கோ டு ஹோம்' என்று நம்மைச் சொல்லவைக்கிறது. ஆனால் 'மை' சேர்ந்தால் ஹோம் பெயர்ச்சொல்; 'டு' திரும்பிவிடும்.

அடுத்தது 'ஹேவ்', 'ஹேஸ்' ஆகியவற்றுக்குப் பின் வரும் கானும் (gone) பீனும் (been). இங்கேதான் நன்றாகப் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். 'ஷி ஹேஸ் கான் டு லண்டன்' என்றால் அவள் இன்னும் திரும்பவில்லை. 'ஷி ஹேஸ் பீன் டு லண்டன்' என்றால் போய் வந்துவிட்டாள். ஆகவே நம் எதிரே உட்கார்ந்துகொண்டு ஒருவர் 'ஐ ஹேவ் கான் டு லண்டன் ட்வைஸ்' என்பது பொருந்தாது. அங்கே பீன்தான் வேண்டும். எழுதுமுன் 'ஆள் இப்போது எங்கே?' என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கேயே, அல்லது போகும் வழியில் என்றால் கான். திரும்பியாயிற்று என்றால் பீன். எனக்குப் பலன் தந்த சோதனை இதுவே.

ஸ்விம்மிங், ஷாப்பிங் போன்றவை 'கோ'வை ஒட்டியே வரும், நடுவில் எதுவும் வேண்டாம். வாக் போன்ற பெயர்ச்சொற்களுக்கு முன் 'ஃபார் எ' வரும்: 'கோ ஃபார் எ வாக்'.

நிலை மாறுவதற்கும் 'கோ' உண்டு: கோ பேட், கோ ப்ளைண்ட், கோ க்ரே. பெரும்பாலும் கெடுதலான மாற்றத்துக்கே. கனவு பலித்தால் 'கோ' அல்ல, 'கம் ட்ரூ'.