சுபா வாங்குவது, விற்பது எப்படி? கூடவே ஜப்பானிய வாள் புத்தகங்களும்

வாள் வாங்கச் சொல்லித்தரும் பதிவு இல்லை இது. வாளின் கைப்பிடிக்கும் வெட்டும் அலகுக்கும் நடுவில் நிற்கும் உலோகத் தட்டு, பிடியின் இரு முனைகளுக்கும் போடும் மூடிகள், பிடிக்கயிற்றுக்கு அடியில் செருகும் சின்ன உருவங்கள், இவற்றைப் பற்றிய கனமான புத்தகங்கள் ஆகியவற்றைச் சேகரிப்பாளர்களுக்குள் எப்படிக் கைமாற்றுவது என்று மட்டும் சொல்கிறேன். டோக்கியோவில் நிஷிகசாயில் இருந்துகொண்டு 6 வருடமாக இதில் கிடக்கிறேன். வேலை சாப்ட்வேர், இது வார இறுதிப் பைத்தியம்.

அந்தத் தட்டுக்கு ஜப்பானியப் பெயர் ட்சுபா. ட்சுனாமியை நாம் சுனாமி ஆக்கிக்கொண்ட மாதிரி இதையும் சுபா என்றே எழுதுகிறேன். (முதல் முறை போனில் "ஒரு சுபா வாங்கியிருக்கேன், நாளைக்கு வீட்டுக்கு வருது" என்று நண்பனிடம் சொன்னதைக் கேட்டு, "யாருங்க அந்த சுபா?" என்று மனைவி வந்து நின்றாள்.) பிடியின் மூடிகள் ஃபுச்சி, காஷிரா, கயிற்றுக்கு அடியில் வருவது மெனுகி, உறையில் செருகும் சிறு கத்தியின் பிடி கோஸுகா.

இவை தனித்தனியாகச் சந்தைக்கு வந்ததற்கு ஒரு காரணம் 1876-ல் வந்த ஹைத்தோரேய் ஆணை. பொது இடத்தில் வாள் கட்டிக்கொண்டு போகக் கூடாது என்றானதும் வாள்கள் பெட்டிக்குள் போயின. கழற்றிய சுபா, மெனுகி போன்ற அணிகள் பெட்டி பெட்டியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறின. அதனால்தான் இன்றும் நல்ல சுபா ஒன்று லண்டனிலிருந்து டோக்கியோவுக்குத் திரும்பி வருகிறது.

படி 1: முதலில் புத்தகம், அதிலும் கொஞ்சம்தான்

"முதலில் புத்தகம் வாங்கு" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் கேட்டு, முதல் வருடமே அலமாரியை நிரப்பினேன். பாதி வீண். கோக்கான் நாகயாமாவின் 1997 ஆங்கிலப் பதிப்பை எல்லோரும் கைகாட்டுவார்கள். அருமையான புத்தகம், ஆனால் அது பெரும்பாலும் அலகைப் பற்றியது. சுபா வாங்குகிறவருக்கு அதிகம் உதவாது. கலைஞர் பெயர் தேட ராபர்ட் ஹெய்ன்ஸ் 2001-ல் கொண்டுவந்த 3 தொகுதி அகராதி போதும், அதையும் பொறுமையாகத் தேடி வாங்கலாம். மற்றபடி, ஒரே கலைப்பள்ளியை (ஒரே பாணியில் செய்த கலைஞர் மரபை)ச் சேர்ந்த சுபாக்களைப் பெரிய படமாகப் போட்ட கண்காட்சிப் பட்டியல்கள்தான் என் அலமாரியில் தேய்ந்து கிடப்பவை. ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைகளில் அவை மலிவாகவும் கிடைக்கும்.

புத்தகத்தின் வயதைப் பார்க்க முன்பக்கத்தைப் புரட்டாதீர்கள். ஜப்பானியப் புத்தகத்தில் பதிப்பு விவரம் கடைசிப் பக்கத்தில் இருக்கும், ஓகுஸுகே என்பார்கள். ஆண்டு ஷோவா, ஹெய்செய் என்று இருந்தால் பயப்பட வேண்டாம்: ஷோவா எண்ணுடன் 1925-ஐக் கூட்டுங்கள், ஹெய்செய் எண்ணுடன் 1988-ஐ. ஷோவா 49 என்றால் 1974.

விற்பவர் நிலை எழுதும் சொற்கள் நாலைந்துதான், மனப்பாடம் செய்துவிடுங்கள். யாகே: வெயில்பட்டுப் பழுப்பேறியது. ஷிமி: புள்ளிக்கறை. காகிகோமி: உள்ளே பேனாக் கிறுக்கல். ஹாகோ-கெட்சு: அட்டைப் பெட்டி தொலைந்துவிட்டது. இந்தக் கடைசிச் சொல்லைக் கவனிக்காமல் ஒரு தொகுதி வாங்கினேன். திருப்பி விற்கும்போது கேட்ட ஒவ்வொருவரும் முதல் கேள்வியாகப் பெட்டியைத்தான் கேட்டார்கள். பளபளப்புத் தாளில் அச்சிட்ட புத்தகம் என்றால் இன்னொன்று: ஈரம் பட்டிருந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். வெளியிலிருந்து எடுத்த படத்தில் இது தெரியவே தெரியாது. "எல்லாப் பக்கமும் திறக்கிறதா?" என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

படி 2: எங்கே வாங்குவது

யாஹூ ஏலம், மெர்காரி (பழைய பொருட்களை வாங்கி விற்கும் ஆப்), டோக்கியோ பிஜுட்சு கிளப்பில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய வாள் சந்தை (தாய் தோகென் இச்சி), தெரிந்த சேகரிப்பாளர்கள். புதியவர்கள் சந்தைக்குப் போய்க் கையில் வாங்கிப் பார்ப்பது நல்லது. வாங்காவிட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், சுபாவை விளிம்பில் பிடிக்கத் தெரிந்திருந்தால் போதும்.

யாஹூ ஏலத்தில் கடைசி 5 நிமிடத்துக்குள் யாராவது விலை ஏற்றினால், தானியங்கி நீட்டிப்பு இருக்கிற பொருளுக்கு இன்னும் 5 நிமிடம் கூடும். கடைசி நொடியில் பாய்கிற தந்திரம் அங்கே எடுபடாது. உச்சவரம்பை ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

விவரக் குறிப்பில் "நான் கத்துக்குட்டி, விவரம் தெரியாது, பழைய கிடங்கிலிருந்து வந்தது, நோ கிளெய்ம் நோ ரிட்டர்ன்" என்று இருந்தால், அந்தக் கத்துக்குட்டி இதுவரை எத்தனை சுபா விற்றிருக்கிறார் என்று அவரது பழைய மதிப்பீடுகளைப் பாருங்கள். நான் பார்த்த ஒருவர் 400-க்கு மேல் விற்றிருந்தார்.

படி 3: துளைக்குள் பாருங்கள் (நான் சறுக்கிய இடம்)

என் முதல் சுபா 8,500 யென். இரும்பு, கொக்கு ஒன்று சிறகை வளைத்து வட்டமாக நிற்கும் குடைவு வேலை. படத்தில் அள்ளியது. வந்ததும் மேசையில் வைத்து ஒரு வாரம் ரசித்தேன். மூன்றாவது வாரம் வேறொரு விற்பனையாளர் பக்கத்தில் அதே கொக்கு. வடிவம் ஒன்றாக இருப்பதில் தப்பில்லை, பிரபல வடிவங்களைப் பலர் செய்தார்கள். ஆனால் என் கொக்கின் இடது கால் நகத்தில் ஒரு சின்னப் பிசிறு உண்டு. அந்தக் கொக்கின் இடது கால் நகத்திலும் அதே பிசிறு! ஒரே அச்சில் ஊற்றிய வார்ப்பு.

அப்புறம்தான் எதைப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். பொய் சொல்வதற்கென்றே இருக்கிற பக்கம் அது. நீங்கள் பார்க்க வேண்டியது குடைவின் உட்சுவர். அடித்துத் தட்டிய இரும்பை அறுத்து அரம் போட்டால், சுவரில் அரத்தின் கீறல்கள் ஒரு திசையில் ஓடும், விளிம்பு கூராக இருக்கும். வார்ப்பில் சுவர் மணல்மணலாக, வழவழ முனையோடு இருக்கும். ஊசி குத்தின மாதிரி குமிழ்த் துளைகள் தெரியும். சில நேரம் சுவரின் நடுவில் இரண்டு அச்சுகள் சேர்ந்த கோடு மெல்லிய மேடாக ஓடும்.

அடுத்து நடுத்துளை, அதாவது வாளின் வால் நுழையும் நகாகோ-ஆனா. ஒவ்வொரு வாளுக்கும் சுபாவைப் பொருத்தும்போது துளையைச் சுற்றி உளியால் தட்டி இறுக்குவார்கள், அல்லது செம்புத் துண்டு வைத்து அடைப்பார்கள். நிஜத் தட்டலில் ஒவ்வொரு குழியும் ஒவ்வொரு ஆழம், ஓரத்தில் உலோகம் பிதுங்கியிருக்கும். வார்ப்பில் அந்தக் குழிகளும் சேர்ந்தே வார்க்கப்பட்டு, சோப்பில் விரலால் அழுத்தின மாதிரி மழுங்கிக் கிடக்கும். செம்புத் துண்டு இல்லை என்பதால் மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது. வாளில் ஏறாமலேயே இருந்த சுபாக்களும் உண்டு.

நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சுண்டினால் நல்ல இரும்பு மணி மாதிரி ஒலிக்கும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏலத்தில் வாங்குபவருக்குச் சுண்டிப் பார்க்கவும் வழியில்லை.

ஆகவே விற்பவரிடம் கேளுங்கள்: "குடைவின் உட்சுவரைச் சாய்வாக, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் அனுப்ப முடியுமா?" அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்விக்குப் பிறகு நான் வார்ப்பு வாங்கியதில்லை.

படி 4: காகிதத்தையும் சரிபாருங்கள்

1948-ல் தொடங்கிய ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் (என்.பி.டி.எச்.கே.) அணிகளுக்கும் சான்றிதழ் தருகிறது. ஹோசோன், அதற்கு மேல் தொகுபெட்சு ஹோசோன், அதற்கும் மேல் ஜூயோ, தொகுபெட்சு ஜூயோ. சான்றிதழில் பொருளின் படம் ஒட்டியிருக்கும். அந்தப் படத்தையும் கையிலிருக்கும் சுபாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு கீறலையாவது ஒப்பிடுங்கள். பெயர் சரியாக இருந்து பொருள் வேறாக இருப்பதும் நடக்கும்.

1982-ல் முறை மாறுவதற்கு முன்பு வந்த கிச்சோ, தொகுபெட்சு கிச்சோ என்ற பழைய சான்றிதழ்களோடு ஒரு சுபா வந்தால், காகிதம் இல்லாத பொருள் என்றே நினைத்து விலை போடுங்கள். கையெழுத்தில்லாத இரும்பு சுபாவுக்கு "ஷோஆமி" (ஒரு கலைப்பள்ளியின் பெயர்) என்று சான்றிதழ் வந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். வேறு எங்கும் பொருந்தாததெல்லாம் ஷோஆமியில் போய்ச் சேரும் என்பது சேகரிப்பாளர்களுக்குள் ஓடும் பழைய கிண்டல். நோபுயியே, கானேயியே என்ற புகழ்பெற்ற சுபா கலைஞர்களின் கையெழுத்து மலிவு விலையில் வந்தால் சான்றிதழ் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். பெரிய பெயர்களில்தான் பொய்க் கையெழுத்து அதிகம். அதற்கு கிமேய் என்று பெயர்.

படி 5: கைவைக்காதீர்கள்

சுருக்கமாக: தேய்க்காதீர்கள். ஷாகுதோ என்பது செம்பில் சில சதவீதம் தங்கம் கலந்த உலோகம்; அதன் காக்கைச் சிறகு நிறக் கருமை மேல்தோலில்தான் இருக்கிறது. பித்தளைக் குத்துவிளக்கு துலக்குகிற பழக்கத்தில் ஒரு துடைப்பு துடைத்தால் நிறமும் போய்விடும், விலையும் போய்விடும். இரும்பில் சிவப்புத் துரு இருந்தால் மட்டும் மான்கொம்புத் துண்டால் மெல்லச் சுரண்டி, பருத்தித் துணியால் துடைக்கலாம். கம்பித் தூரிகையும் துரு நீக்கும் திரவமும் வேண்டவே வேண்டாம்.

படி 6: விற்பது

உங்கள் சொந்தச் சேகரிப்பிலிருந்து விற்க ஜப்பானில் உரிமம் தேவையில்லை. லாபத்துக்கு விற்கவென்றே வாங்கித் தொடர்ந்து விற்றால், பகுதிக் காவல் நிலையம் வழியாகப் பழம்பொருள் வணிக அனுமதி (கோபுட்சு-ஷோ) எடுக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 19,000 யென். அலகு கலந்துவிட்டால் கதையே வேறு: 15 செ.மீ. மற்றும் அதற்கு மேல் உள்ள வாளுக்குப் பதிவுச் சான்று இருக்க வேண்டும், கைமாறினால் 20 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அதனால்தான் நான் அலகுப் பக்கமே போவதில்லை.

விளம்பரத்தில் உயரம், அகலம், விளிம்பின் தடிமன், எடை நான்கையும் போடுங்கள். அளக்க பிளாஸ்டிக் வெர்னியர் வாங்குங்கள், எஃகு வேண்டாம்; ஷாகுதோவில் ஒரு கீறல் விழுந்தால் அந்த வெர்னியரின் விலை ஞாபகத்துக்கு வரும். எடைக்குச் சமையலறைத் தராசு போதும். படத்துக்கு ஜன்னல் வெளிச்சம், அடியில் சாம்பல் நிறத் துணி. கறுப்புத் துணியில் வைத்தால் கேமரா இரும்பை வெளுப்பாகக் காட்டுகிறது. 10 மடங்கு லென்ஸ் ஒன்றை மொபைல் கேமராவில் ஒட்டவைத்து, படி 3-ல் சொன்ன உட்சுவர்ப் படத்தை நீங்களே முதலில் போட்டுவிடுங்கள். கேள்விகள் பாதியாகக் குறையும்.

விலையைப் போட்டே விற்கவும். "எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்பவரைச் சேகரிப்பாளர்களுக்குப் பிடிக்காது. முதலில் "எடுத்துக்கொள்கிறேன்" என்றவருக்கே பொருள். பிறகு ஒருவர் கூடுதலாகத் தருகிறேன் என்றாலும் மாறக் கூடாது. அப்படி மாறியவர்களின் பெயர் இந்தச் சின்ன வட்டத்தில் வருடக்கணக்கில் ஓடும். மெர்காரியில் விற்றால் 10% கட்டணம் போகும், அதையும் விலையில் சேருங்கள்.

படி 7: அனுப்புவது

ஜப்பான் அஞ்சல்துறையின் லெட்டர் பேக் (அட்டை உறை) வசதியானது, மலிவு. ஆனால் உடைந்தாலும் தொலைந்தாலும் இழப்பீடு இல்லை. 20,000 யென்னுக்கு மேல் என்றால் நான் யூ-பேக்கில்தான் (அதே அஞ்சல்துறையின் பார்சல் சேவை) அனுப்புகிறேன். அதில் 3,00,000 யென் வரை இழப்பீடு உண்டு. சுபாவை மெல்லிய தாளில் சுற்றி, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, நடுத்துளை வழியாக நூல் கோத்து அட்டையோடு கட்டிவிடுங்கள். ஆட்டினால் சத்தமே வரக் கூடாது. புத்தகத்துக்கு முதலில் பிளாஸ்டிக் உறை, அடுத்து நான்கு மூலைக்கும் மடித்த அட்டை, பிறகு பெட்டி. மூலை அட்டை போடாமல் அனுப்பிய ஒரு கண்காட்சிப் பட்டியல் மூலை நசுங்கிப் போய்ச் சேர்ந்தது. பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தேன்.

பின்னர் சேர்த்தது

டல்லாஸிலிருந்து ஒரு வாசகர், 300 டாலர் பொருளுக்குச் சுங்கம் உண்டா என்று கேட்டிருந்தார். 800 டாலருக்குக் கீழ் இருந்த விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டது. யார் கட்டுவது என்பதைப் பணம் வாங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். சுங்கப் படிவத்தில் "பழைய இரும்பு வாள் காப்பு, அலகு இல்லை" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பரிசுப் பொருள் என்று பொய் எழுதச் சொல்லும் வாங்குபவருக்கு நான் விற்பதில்லை. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் ஆர்டர் போடும் முன் உங்கள் ஊர்ச் சுங்க விதியைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொருவர், அந்தக் கொக்கு என்ன ஆனது என்று கேட்டிருந்தார். "நவீன வார்ப்பு, பழமை இல்லை, இடது கால் நகத்தில் பிசிறு" என்று எழுதி 1,000 யென்னுக்குப் போட்டேன். நாடக உடைக்கு வேண்டும் என்று ஒருவர் அன்றே எடுத்துக்கொண்டார். 3 செ.மீ. தடிமனுக்குள் அடங்கியதால் லெட்டர் பேக் லைட்டில் 430 யென்னுக்குப் போய்ச் சேர்ந்தது.