எம்.டி.க்கு முன் ஒரு மாஸ்டர்ஸ்: தப்புக் கணக்கு எங்கே?

அமெரிக்காவில் எம்.டி. என்பது நம் ஊர் எம்.பி.பி.எஸ். இடத்தில் இருக்கும் படிப்பு. ஆனால் நான்கு வருடப் பட்டம் முடித்த பிறகுதான் சேர முடியும். அந்தப் பட்டத்தில் பிள்ளைக்கு மார்க் குறைந்துவிட்டால் அங்குள்ள தமிழ் வீடுகளில் உடனே வரும் யோசனை, "ஒரு மாஸ்டர்ஸ் படிச்சா பழசு மறைஞ்சிடும்." மறையாது. விண்ணப்பங்களைத் திரட்டும் ஆம்காஸ், இளங்கலை ஜிபிஏவை (4-க்குக் கணக்கிடும் மார்க் சராசரி) தனியாகவும் முதுகலை ஜிபிஏவைத் தனியாகவும்தான் காட்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 கிரெடிட், ஜிபிஏ 3.2. மாஸ்டர்ஸில் 30 கிரெடிட்டும் முழு ஏ வாங்கினாலும் அந்த 3.2 அசையாது. அதே 30 கிரெடிட்டை 'போஸ்ட்-பேக்' முறையில், அதாவது பட்டம் முடித்த பிறகும் இளங்கலைப் பாடங்களாகவே படித்து ஏ வாங்கினால் 3.36. பெரிய தாவல் இல்லைதான், ஆனாலும் நகர்கிறது. கோட்டை விட்ட பாடத்தைத் திரும்பப் படித்தாலும் ஆம்காஸ் இரண்டு கிரேடையும் சேர்த்தே எடுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

சரி, மாஸ்டர்ஸே வீணா? எல்லா மாஸ்டர்ஸும் வீண் இல்லை. 'எஸ்எம்பி' எனப்படும் ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் வேறு ரகம். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் நடப்பதில் முதலாண்டு மருத்துவ மாணவர்களின் பாடங்களையே படித்து, அவர்களோடு ஒப்பிட்டு கிரேடு வாங்க வேண்டும். மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் மார்க் நன்றாக இருந்து ஜிபிஏ மட்டும் இடிப்பவருக்கு இது பொருந்தும். அங்கேயும் சறுக்கினால், மருத்துவப் பாடமே வரவில்லை என்று தானே எழுதிக் கொடுத்த மாதிரி. எம்கேட் குறைந்தவர் இதில் சேருவதுதான் எனக்குப் புரியாத முடிவு. அந்தப் பரீட்சைக்குத் தயாராகித் திரும்ப எழுதுவதே வழி. வாழ்நாளில் ஏழு முறைதான் எழுத விடுவார்கள்.

அப்புறம் காலம். ஜூனில் விண்ணப்பித்து ஆகஸ்டில் மாஸ்டர்ஸ் சேர்ந்தால், அனுப்பிய விண்ணப்பத்தில் புது கிரேடு ஒன்றுகூட இருக்காது. முடித்துவிட்டு விண்ணப்பித்தால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும்.

பணத்தைக் கடைசியில் யோசிப்பதும் தவறு. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, மேற்படிப்புக்கு மத்திய அரசு தந்துவந்த 'கிராட் பிளஸ்' கடன் கிடையாது. மாஸ்டர்ஸுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர் வரைதான். பல எஸ்எம்பிகளின் செலவு அதைத் தாண்டும். மீதிக்குத் தனியார் கடன்; அதில் ஜாமீன் கையெழுத்துப் போடப்போவது பெரும்பாலும் அப்பாதான்.