பழைய ஃபிளாப்பியை டிரைவில் போடும் முன்

பீரோவில் பல வருஷம் கிடந்த ஃபிளாப்பியை, அதாவது அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் ஃபைல்களைப் பதிந்து வைத்த சதுரத் தட்டை, எடுத்தவுடன் டிரைவில் போட்டுவிடாதீர்கள். தூத்துக்குடியில் எங்கள் டிடிபி கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். கடற்கரை ஊர் ஈரத்துக்கு ஃபிளாப்பிக்குள் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

3.5 அங்குல ஃபிளாப்பியின் தகர மூடியை ஓரமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் உள்ள வட்டத் தகட்டை விரலால் மெல்லச் சுற்றுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் உள்ளே இருக்கும் வட்டத் தட்டு சீராகப் பளபளத்தால் சரி. வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஹார்ட் டிஸ்கில் ஹெட், அதாவது பதிவைப் படிக்கும் முனை, தட்டைத் தொடாது. ஃபிளாப்பியில் தொட்டுக்கொண்டேதான் ஓடும். நிமிஷத்துக்கு 300 சுற்று. பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அந்த ஃபிளாப்பியைக் கீறும். அடுத்து போடுகிற நல்ல ஃபிளாப்பியையும் கெடுக்கும்.

துடைக்க ஐபிஏ வேண்டும். மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான். 99 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், பெரும்பாலும் அதில் கிளிசரின் இருக்கும், பிசுக்கு படியும். பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்து, அழுத்தாமல் தட்டின் மேல் வைத்து, தட்டை மெதுவாகச் சுற்றுங்கள். குச்சி அழுக்கானால் உடனே வேறு குச்சி. இரண்டு பக்கமும் முடிந்ததும் நன்றாக உலரவிடுங்கள். குச்சியில் பழுப்பாக மாவு மாதிரி வந்தால் நிறுத்திவிடுங்கள். அது பூஞ்சை இல்லை, எழுத்துகளைத் தாங்கும் காந்தப் பூச்சே உரிகிறது.

பூஞ்சை அதிகம் என்றால் உறைக்குள் இருக்கும் துணியிலும் அது இருக்கும். அப்போது உறையைப் பிரித்துத் தட்டை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து, தேவையில்லாத ஒரு நல்ல ஃபிளாப்பியின் உறைக்குள் மாற்றிவிடுவேன். பொறுமை வேண்டும், ஆனால் நடக்கும்.

டிரைவில் போடும் முன் மூலையில் உள்ள சின்னத் தாழைத் தள்ளி ஓட்டை திறந்திருக்கும்படி வையுங்கள். அப்போது கம்ப்யூட்டர் அதில் எதையும் எழுதாது. படித்தவுடன் முழுவதையும் காப்பி எடுங்கள். இரண்டாவது தடவை படிக்கும் என்று நம்ப வேண்டாம்.

அப்புறம் சிடி. எல்லோரும் பளபளக்கும் பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். பெயர் எழுதும் பக்கத்தை மேஜையில் தேய்க்கிறார்கள். உயிர் இருப்பது அந்தப் பக்கத்தில்தான். பளபளப்புப் பூச்சு அங்கே மெல்லிய வார்னிஷுக்குக் கீழே இருக்கிறது. அது உரிந்தால் எந்த வைத்தியமும் இல்லை. அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக், சின்னக் கீறலைத் தாங்கும். டிவிடியில் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவில் பதிவு இருப்பதால் இந்தப் பயம் குறைவு.

துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து ஒரு கீறல் விழுந்தால் அது பதிவுத் தடத்தோடு சேர்ந்தே ஓடும். சிடியின் பிழைதிருத்தம் தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீள இடைவெளியைத்தான் முழுமையாகச் சரிசெய்யும். தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் வெளிறிவிடும். கல்யாண ஆல்பம் சிடியை ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள். எழுதும் சிடியில் பதிவாகியிருப்பது சாயத்தில், வெயிலில் அது கெட்டுவிடும்.

பென்டிரைவில் துடைக்க அதிகம் இல்லை, முனையை ஐபிஏ தொட்ட குச்சியால் ஒரு தடவை துடைத்தால் போதும். ஆனால் அதை நம்பி வருஷக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள்.

தமிழில் டைப் செய்த பழைய ஃபைல் என்றால் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. பாமினி, டாப், டிஸ்கி என்று அன்றைக்கு இருந்த முறைகளில் எந்த எழுத்துருவில் அடித்தார்களோ அந்த எழுத்துருவும் அதே ஃபிளாப்பியில் இருக்கிறதா என்று தேடி எடுங்கள். அது இல்லாமல் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பையாகத்தான் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றி ஒரு பிரதி, மூல ஃபைல் ஒரு பிரதி, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.