தங்கச்சிமடத்து வீட்டில் வாடைக்கால மழைக் கணக்கு எழுதுவது எப்படி

பாம்பனில்தான் வானிலை நிலையம் இருக்கிறதே, நாம் எதற்குத் தனியாக அளக்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் 2024 நவம்பர் 20-ஐத்தான் சொல்வேன். அன்று ராமேசுவரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. அதே தீவில் பாம்பனில் பெய்தது அதைவிட நிறையக் குறைவு. இரண்டுக்கும் நடுவில் தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று போடுகிற எனக்கு என் தோட்டத்துக் கணக்கு வேண்டும்.

கடையில் விற்கிற சின்னக் குழாய் மழைமானி நம் ஊருக்குப் போதாது. வாய் 16 செ.மீ. விட்டமுள்ள ஆழமான பிளாஸ்டிக் புனல் வாங்குங்கள். தட்டையான புனலில் அடைமழை தெறித்து வெளியே போய்விடும். அந்த வாயின் பரப்பு சுமார் 200 சதுர செ.மீ., ஆகவே 20 மில்லி தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. மருந்துக்கடையில் 20 மில்லி சிரிஞ்சு ஒன்றும், பெரிய மழைக்கு லிட்டர் குவளை ஒன்றும் வைத்துக்கொண்டால் அளந்துவிடலாம்.

புனலுக்கு அடியில் 10 லிட்டர் கேன் வையுங்கள். லிட்டர் பாட்டில் 5 செ.மீ. மழைக்கே நிரம்பிவிடும், 40 செ.மீ. என்றால் 8 லிட்டர், கணக்குப் போட்டுப் பாருங்கள். மணல்தானே என்று கேனை ஆழப் புதைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். தரையில் ஊற்று ஏறினால் காலிக் கேன் மிதந்து மேலே வரும். இரண்டு பக்கமும் முளை அடித்துக் கட்டிவிடுங்கள். இரும்புத் தாங்கி வேண்டாம், உப்புக்காற்று தின்றுவிடும்.

மொட்டை மாடியில் வைத்தால் காற்று மழையைத் தள்ளிக்கொண்டு போய்விடும். தென்னைக்கடியிலும் கூடாது. மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைப்பது நல்லது. நாற்றங்கால் நடுவில்தான் இடம் கிடைக்கும். பத்து நாற்று போனால் போகட்டும்.

தினமும் காலை 8.30-க்கு அளங்கள், வானிலைத் துறை நேரமும் அதுதான். அப்போது கிடைப்பதை அன்றைய தேதியில் எழுதுங்கள். நவம்பர் 20 பகலில் பெய்த மழை 21-ஆம் தேதிக் கணக்கில் வருவது அதனால்தான். ஒன்றிரண்டு சொட்டு மட்டும் இருந்தால் ‘துளி’ என்று எழுதுங்கள், பூஜ்யம் போடாதீர்கள்.

காற்றுக்கு ஒரு கம்பும் பழைய சேலைக் கிழிசலும் போதும். கிழிசல் தெற்கே பறந்தால் காற்று வடக்கேயிருந்து வருகிறது, அதுதான் வாடை. அன்று வடகடல் எப்படி இருந்தது என்று கடலுக்குப் போய் வந்த அண்ணன்மாரிடம் கேட்டு ஓரத்தில் எழுதுவேன். தென்கடல் அமைதியாகக் கிடக்கும்போதே வடகடல் அடித்துக்கொண்டிருக்கும்.

வெப்பமானி இருந்தால் நிழலில் வையுங்கள். சுற்றிலும் கடல் என்பதால் இங்கே மார்கழியிலும் பெரிய குளிர் கிடையாது, நான் அதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

சரி, கூட்டல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்று தனியாகவும், ஜனவரி, பிப்ரவரி இரண்டையும் குளிர்காலம் என்று தனியாகவும் கூட்டுங்கள். வானிலைத் துறையும் அப்படித்தான் பிரிக்கிறது. 2.5 மி.மீ.யோ அதற்கு மேலோ பெய்த நாட்களை மட்டும் மழை நாளாக எண்ணி, பக்கத்திலேயே பாம்பன் கணக்கையும் எழுதிவிடுங்கள்.