28 திரெட் என்றதும் மயங்கலாமா? பாவித்த சேர்வர் புரொசசர் வாங்குவோர் விடும் தவறுகள்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பாவித்த கொம்பியூட்டர் தேடும் ஆட்களின் கண்ணில் இந்த விளம்பரம் படாமல் போகாது: “சியோன், 14 கோர், 28 திரெட், 32 ஜிபி றாம்.” அதில் பொய் எதுவும் இல்லை. கோர் என்பது புரொசசர் சிப்புக்குள் தனியாக உழைக்கும் ஒரு பகுதி, திரெட் என்பது அது ஒரே நேரத்தில் கையாளும் ஒரு வேலை வரிசை. பெரிய நிறுவனங்களின் சேர்வர்களில் ஓடிக் கழிக்கப்பட்ட இன்டெல் சியோன் சிப்புகள், சீனத் தயாரிப்பு எக்ஸ்99 மதர்போட்டில் ஏறியோ, எச்பி, டெல் வேர்க்ஸ்டேசன் பெட்டிக்குள் இருந்தபடியோ கொழும்பு வழியாக இங்கே வந்து சேர்கின்றன. நல்ல சிப்புகள்தான். அவற்றை எந்த வேலைக்கு, எதோடு ஒப்பிட்டு வாங்குகிறோம் என்பதில்தான் பிழை நடக்கிறது.

முதல் தவறு, கோரை எண்ணி விலையால் பிரிப்பது. “ஐ3 இல நாலு கோர்தானே, இதில பதினாலு இருக்கு அண்ணை” என்று கேட்கும் தம்பிமாருக்கு நான் இரண்டு சிப்பை அருகருகே எழுதிக் காட்டுவேன். சியோன் ஈ5-2680 வி4 வந்தது 2016இல். 14 கோர், அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.3. அந்த 3.3ம் ஒன்றிரண்டு கோர் மட்டும் உழைக்கும்போதுதான். எல்லாம் சேர்ந்து ஓடினால் அதற்குக் கீழே இறங்கிவிடும். கோர் ஐ3-12100 வந்தது 2022இல். 4 கோர், 8 திரெட், அடிப்படை 3.3, உச்சம் 4.3. கிகாஹெர்ட்ஸ் கணக்கோடு இது முடியவில்லை. புதிய வடிவமைப்பு ஒரே துடிப்பில் கூடுதல் வேலை செய்கிறது. அதனால் தனிக் கோருக்குத் தனிக் கோர் வைத்துப் பார்த்தால் ஐ3 ஒன்றரை மடங்குக்கும் மேல் வேகம். எல்லாக் கோரையும் ஒன்றாக உழைக்க வைத்தால் மட்டும் சியோன் முந்தும்.

வயல் வெட்டுக்குப் பதினாலு பேர் இறங்கினால் வெள்ளனவே முடியும். ஒரு பானை சோறு வேக அடுப்படியில் பதினாலு பேர் நின்று என்ன பயன்? மென்பொருளிலும் பங்கு போடக்கூடிய வேலை, போட முடியாத வேலை என்று இரண்டு வகை உண்டு.

எங்கள் பக்கத்தில் கொம்பியூட்டரைப் போட்டு உழைப்பவர்களில் ஸ்டூடியோக்காரர் முக்கியமானவர்கள். கலியாண வீடு, சாமத்திய வீடு என்றால் அல்பம் வேண்டும், வீடியோ வேண்டும். அல்பம் வடிவமைப்பு பெரும்பாலும் போட்டோசொப்பில். அதில் பல வேலைகள் ஒன்றிரண்டு திரெட்டிலேயே நடக்கின்றன. இதைக் கண்ணால் பார்க்கலாம்: போட்டோசொப் ஏதோ செய்துகொண்டு உங்களைக் காக்க வைக்கும் நேரத்தில், புரொசசர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மனேஜரைத் திறவுங்கள். 28 திரெட் உள்ள மெசினில் ஒரு திரெட் முழு மூச்சாக ஓடினாலும் மொத்தப் பாவனை 4 வீதம் என்றுதான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு “புரொசசர் சும்மாதானே இருக்கு, றாம் காணாது போல” என்று றாமைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வரைபடத்தில் வலது கிளிக் செய்து, ஒவ்வொரு திரெட்டுக்கும் ஒரு கட்டம் என்று மாற்றிப் பாருங்கள். ஒரு கட்டம் கூரையைத் தொட, மற்றவை தரையோடு கிடக்கும்.

வீடியோ எடிட்டிங்கில் வேறொரு சிக்கல். கமெராவில் இருந்து வரும் எச்.264 கோப்பை விரித்துக் காட்டவும் திரும்பச் சுருக்கவும் இன்டெல் டெஸ்க்டொப் சிப்புகளின் உள்கட்டிய கிராபிக்ஸில் குயிக் சிங்க் என்று தனிப் பகுதியே உண்டு. பிரீமியர், எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருள்கள் இரண்டும் அதைப் பாவிக்கும். சியோன் ஈ5 வரிசையில் உள்கட்டிய கிராபிக்ஸ் கிடையாது. ஆகவே கிராபிக்ஸ் காட் ஒன்று இல்லாமல் திரையே வராது. வேலைக்கு உதவும் காட் என்றால் அதன் விலையையும் சேர்த்துத்தான் மெசினின் விலை. டெஸ்க்டொப் பக்கமும் கவனம் தேவை. ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் என்று கடைசியில் ‘எஃப்’ வந்தால் அதிலும் உள்கட்டிய கிராபிக்ஸ் இல்லை. கொஞ்சம் மலிவு என்று அதை எடுத்துவிட்டுப் பிறகு காட்டுக்கு அலைவது வீண்.

அடுத்தது மொத்தச் செலவை விட்டுவிட்டு சிப் விலையை மட்டும் பார்ப்பது. சேர்வரில் இருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு றாம் (சேர்வருக்கென்றே செய்த வகை) மலிவாகக் கிடைக்கும், ஆனால் நாளை வேறு டெஸ்க்டொப் மதர்போட்டுக்கு மாறினால் அது அங்கே வேலை செய்யாது. ஈ5 சிப் நான்கு சனலில், அதாவது ஒரே நேரத்தில் நான்கு பாதையில், றாமை வாசிப்பது. ஒரே ஒரு 32 ஜிபி துண்டைக் குத்தித் தந்தால் அதன் பெரிய பலமே போய்விடும். 8 ஜிபி நான்காகக் கேளுங்கள். எச்பி இசட்440, டெல் டி5810 போன்ற பெட்டிகள் உறுதியானவை, எனக்கும் பிடித்தவை. ஆனால் அவற்றின் பவர் சப்ளை அந்தந்த நிறுவனத்துக்கே உரிய இணைப்போடு வருவது. அது எரிந்தால் கிளிநொச்சிக் கடையில் சாதாரண சப்ளை வாங்கி மாட்ட முடியாது. கொழும்பில் இருந்து பார்சல் வரும்வரை கடையைப் பூட்டிவைக்க வேண்டியதுதான்.

கரண்ட் பில்லையும் பலர் யோசிப்பதில்லை. பெட்டியில் எழுதியிருக்கும் 120 வாட், 60 வாட் என்பவை முழுச் சுமையில் சிப்பின் சூட்டைக் கணக்கிட உதவும் எண்கள். கடை மெசின் நாளில் பெரும்பகுதி சும்மா நிற்பது. அந்த நேரத்தில் சுவரில் இருந்து எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் பில்லைத் தீர்மானிக்கும். இரண்டு சிப் பூட்டிய சேர்வர் போட் என்றால் சும்மா நின்றாலும் கனக்க இழுக்கும். 60 வாட் கூடுதல் என்று வைத்துக்கொண்டாலே, நாளுக்கு 10 மணித்தியாலத்துக்கு மாதம் 18 அலகு. அலகு ஏற ஏற வீதமும் ஏறும் வீட்டு மீற்றரில் அது சும்மா போகாது. கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்கும் நேரமும் அந்த அளவுக்குக் குறையும்.

பெயரை நம்பும் தவறு இதற்குப் பழைய அண்ணன். ‘ஐ7’ என்று சொன்னால் போதாது, பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். 2013இல் வந்த ஐ7-4770இலும் நான்கு கோர், எட்டுத் திரெட்தான். மேலே சொன்ன ஐ3-12100 அதை எளிதாக முந்தும். சிப்பைக் கையில் எடுத்தால் மேலே அச்சடித்திருப்பதையும் வாசியுங்கள். ‘இன்டெல் கொன்பிடென்ஷல்’ என்று இருந்தால் அது விற்பனைக்கு வந்த சிப் இல்லை, பரிசோதனை மாதிரி. எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வேண்டாம்.

மறுபக்கத் தவறும் உண்டு; சேர்வர் சிப் என்றாலே குப்பை என்று ஒதுக்குவது. அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளை ஒரே மெசினில் நாலைந்து மெய்நிகர் கணினிகளை (மென்பொருளால் உருவாக்கும் கணினிகளை) ஓட்டிப் பழக வேண்டும், பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் புரொசசரை வைத்தே படம் உருவாக்கும் சிபியு ரெண்டர் விட வேண்டும் என்றால் அதே 14 கோர் காசுக்குத் தகுந்த பொருள். கிராபிக்ஸ் காட் போன்றவற்றை இணைக்கும் பாதைகளான பிசிஐ எக்ஸ்பிரஸ் லேனும் 40 இருக்கிறது. ஐ5-12400இல் 20 மட்டும். கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்கு இரவு பகலாக ஓடும் மெசின் என்றால் றாமில் வரும் பிழையைத் திருத்தும் ஈசிசி வசதிக்காகவே சேர்வர் வகையை எடுக்கலாம். ஏஎம்டி நிறுவனத்தின் டெஸ்க்டொப் சிப்பான ரைசன் 5 5600க்கும் பல மதர்போட்களில் ஈசிசி றாம் வேலை செய்யும். ஆனால் 5600ஜிக்குச் செய்யாது.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசொப்ட் ஏற்றுக்கொண்ட பட்டியலில் ஈ5 வி4 சிப்புகள் இல்லை. சுற்றுவழியில் ஏற்றித் தருவார்கள், ஓடவும் செய்யும். லினக்ஸ் போட்டு மெய்நிகர் கணினி ஓட்டும் பிள்ளைக்கு இது பிரச்சினையே இல்லை. வங்கிக் கணக்கும் வாடிக்கையாளர் படங்களும் இருக்கும் கடை மெசினுக்கு நான் அப்படி ஏற்றிக் கொடுப்பதில்லை.