தறிக்குழியும் என் இடுப்பும்

திருபுவனத்தில் பட்டுச்சேலை நெய்கிறேன். குழித்தறி. கால் குழிக்குள், உட்காருவது தரையோடு கிடக்கும் பலகையில். போன ஐப்பசி மழையில் இடுப்பு பிடித்துக்கொண்டது; எழுந்திருக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. தைலம் தேய்த்தேன், இரண்டு நாள் தாங்கும், அவ்வளவுதான்.

ஒருநாள் மகன் பக்கவாட்டில் நின்று செல்போனில் படம் எடுத்துக் காட்டினான். முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்கிறது, முதுகு அரிவாள் மாதிரி வளைந்திருக்கிறது. இருபது வருஷமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்!

பலகையின் மேல் இரண்டு அங்குலத்துக்கு இன்னொரு பலகை அடித்தேன், முன்பக்கம் துளி சரிவாக. முதுகு நிமிர்ந்தது. ஆனால் குழிக்குள் காலால் அழுத்தித் தறியை இயக்கும் மிதிக்கட்டைக்குப் பாதம் எட்டவில்லை. நுனிவிரலால் எட்டி மிதித்ததில் கெண்டைக்கால் வலி புதிதாக வந்து சேர்ந்தது. சரி என்று மிதிக்கயிறுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி, பாதம் முழுதும் படியும்படி மிதியை மேலே தூக்கிக் கட்டினேன். அதற்கே நாலு நாள் போனது. ஒரு கயிறு ஏறினால் இன்னொன்று இறங்கும்.

அப்புறம் தார்த்தட்டை, அதாவது ஊடைநூல் சுற்றிய சிறு குழல்கள் (தார்) இருக்கும் தட்டை, வேண்டுமென்றே கைக்கெட்டாத இடத்தில் வைத்தேன். நாலு தாருக்கு ஒருமுறை குழியைவிட்டு எழுந்தாக வேண்டும். சேலை அரைநாள் தாமதமாகிறது என்று வீட்டில் முணுமுணுப்பு. சுவரைப் பிடிக்காமல் எழுகிறேனே, அது போதும்.