களப்பயணத்துக்கு 4 மீட்டர் கயிறு போதும்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகலாம் என்றதுமே பேச்சு பஸ், தூரம், ஒரே நாளில் எத்தனை இடம் பார்க்கலாம் என்று போய்விடும். அந்தக் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஐந்து இடம் சுற்றிவிட்டு வந்த பிள்ளையிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததைத்தான் முதலில் சொல்லும். ஒரே இடம், ஒன்றரை மணி நேரம், கையில் ஒரே ஒரு கேள்வி என்று போய்ப் பாருங்கள். நடந்து போகிற தூரத்தில் நாலு மரமும் கொஞ்சம் மண்ணும் இருந்தால் அதுவே போதும்.

முன்னாலேயே நீங்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தே ஆக வேண்டும், அதுவும் பிள்ளைகளோடு போகப்போகிற அதே நேரத்தில். காலை 8 மணிக்கு நிழலாக இருக்கிற இடம் 11 மணிக்குச் சுட்டெரிக்கும். கழிப்பறை திறந்திருக்கிறதா, தண்ணீர் எவ்வளவு ஆழம், மேலே தேன்கூடு, குளவிக்கூடு ஏதும் தொங்குகிறதா என்று பார்த்து, போனில் நாலைந்து படம் எடுத்து வந்து முதல் நாளே வகுப்பில் காட்டிவிடுங்கள். கழிப்பறைப் படத்தையும்தான். புது இடத்துக்குப் போன பிள்ளைக்கு முதலில் ஓடுவது ‘எங்கே போவது, எங்கே உட்காருவது’ என்கிற கவலைதான், அது தீர்ந்தால்தான் கண் மண்ணுக்கும் இலைக்கும் போகும். அப்படியும் போய்ச் சேர்ந்த உடனே பாடத்தைத் தொடங்காதீர்கள், 10 நிமிடம் எல்லையைக் காட்டிவிட்டு ஓடவிடுங்கள்.

சரி, கயிறுக்கு வருவோம். 4 மீட்டர் கயிற்றின் இரு முனையையும் முடிந்து நாலு குச்சியில் சதுரமாக மாட்டினால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு சதுரத்துக்கு நாலு பிள்ளைகள், அதற்கு மேல் வேண்டாம், ஐந்தாவது பிள்ளை வேடிக்கைதான் பார்க்கும். முதல் 5 நிமிடம் “ஒன்றுமே இல்லை மிஸ்” என்று குரல் வரும். பதில் சொல்லாமல் பக்கத்தில் குந்தி உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கை காய்ந்த இலையைப் புரட்டும், அப்புறம் அந்தப் பக்கம் நீங்களே தேவைப்படமாட்டீர்கள்.

ஒருமுறை மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எறும்பு வரிசைக்குக் குறுக்கே விரலால் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டான். வரிசை அங்கேயே நின்றது. வந்த எறும்பெல்லாம் கோட்டருகே திரும்பி, தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு இப்படியும் அப்படியும் அலைந்தன. கடைசியில் ஒன்று தாண்டியது, அதன் பின்னால் இன்னொன்று, கொஞ்ச நேரத்தில் பழையபடி வரிசை. எறும்பு மண்ணில் வாசனைத் தடம் விட்டுக்கொண்டே போகிறது என்பதை நான் சொல்வதற்கு முன்னாலேயே, “நான் எதையோ அழிச்சிட்டேன்” என்றான். அந்தச் சொல்லுக்காகவே இன்னும் பத்துத் தடவை வெயிலில் நிற்கலாம்.

வேப்பமரம் இருந்தால் ஓர் இலையைப் பறித்துத் தரச் சொல்லுங்கள். எல்லோரும் ரம்பப் பல் ஓரம் உள்ள குட்டி இலையைத்தான் நீட்டுவார்கள். அது சிற்றிலை. காம்பு கிளையோடு சேருகிற மூலையில் மொட்டு இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடச் சொல்லுங்கள், மொட்டு இருக்கிற மூலையிலிருந்து கிளம்புகிற முழு ஈர்க்கும் அதிலுள்ள சிற்றிலைகளும் சேர்ந்ததுதான் ஓர் இலை. பெரிய வகுப்பு என்றால் மரத்தின் உயரத்தையும் அளக்கலாம். 1 மீட்டர் குச்சியை நட்டு நிழலை அளந்தால் 80 செ.மீ., அதே நேரம் மரத்தின் நிழல் 6.4 மீட்டர் என்றால் மரம் 8 மீட்டர். வகுத்தல் கணக்கு எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். மரம் நிற்கும் தரை சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குளக்கரை என்றால் வலையைத் தண்ணீரில் விடுவது பெரியவர் மட்டுமே. வெள்ளைத் தட்டில் முதலில் குளத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு அதில் வலையைக் கவிழ்த்து ஒரு நிமிடம் அசையாமல் வையுங்கள், கலங்கல் அடங்கியதும் உயிர்கள் நகரத் தொடங்கும். தலைகீழாகத் தொங்கி வால் பக்கக் குழாயால் மூச்சு விடும் கொசுப்புழுவைப் பிள்ளைகள் விட்டு வரவே மாட்டார்கள். பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே விட வேண்டும். புரட்டிய கல்லையும் பழையபடி வைக்க வேண்டும், அதன் அடியில் இருப்பவற்றுக்கு அதுதான் கூரை. பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவல்.

20 கோடிட்ட இடம் உள்ள தாளைத் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள், பிள்ளைகள் தாளைத்தான் பார்ப்பார்கள். வெறும் தாளில் மூன்று கட்டம்: பார்த்தது, எண்ணியது, கேட்கத் தோன்றியது. எழுத வராவிட்டால் வரையட்டும்.

பாதுகாப்புக்கு என் கணக்கு ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர், தண்ணீர் அருகில் இன்னும் கூடுதலாக. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுத்து, கிளம்பும்போது, சாலை கடந்ததும், கழிப்பறை போய் வந்ததும் வரிசையாகச் சொல்ல வையுங்கள், தலையை எண்ணினால் ஓடுகிற பிள்ளையை இரண்டு தடவை எண்ணிவிடுவோம். ஒவ்வாமை, வீஸிங் உள்ள பிள்ளைகளின் மருந்து முதலுதவிப் பெட்டியோடு உங்கள் தோளில் இருக்கட்டும், வண்டியில் வேண்டாம்.

திரும்பி வந்த மறுநாளே மூன்றாவது கட்டத்தில் உள்ள கேள்விகளைச் சுவரில் ஒட்டுங்கள். புத்தகத்தில் விடை கிடைப்பவை ஒரு பக்கம், திரும்பப் போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்பவை இன்னொரு பக்கம். மழை பெய்து இரண்டு வாரம் கழித்து அதே மரத்தடிக்கு, அதே கயிறோடு, இரண்டாவது பக்கத்துக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.